எதை விலக்குவது, எதை விலக்கவே கூடாது: சிறப்புப் பள்ளிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

சிறப்புப் பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இதைத்தான்: எத்தனை தெரபிஸ்ட், ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள், என்னென்ன கருவிகள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் நல்ல பதில் வைத்திருக்கும் பள்ளியில்கூட, பல வருடம் படித்த பிள்ளை "கையைக் கழுவு" என்று யாராவது சொல்லும்வரை குழாய் முன்னால் சும்மா நிற்பதைப் பார்க்கலாம். அடுத்த வகுப்பில், பேச்சு வராத இன்னொரு பிள்ளையின் படப் புத்தகம் டீச்சரின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பள்ளி கொடுக்கும் உதவியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சொல்லிக்கொடுப்பதற்காகக் கொடுப்பது. பிள்ளை கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அது குறைந்து, ஒரு நாள் இல்லாமல் போக வேண்டும். மற்றது, உடலோ மூளையோ அமைந்திருக்கும் விதத்தால் தேவைப்படுவது: வீல்சேர், காது மெஷின், படப் பலகை (பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டுத் தனக்கு வேண்டியதைச் சொல்வது), பரீட்சையில் கூடுதல் நேரம். மூக்குக் கண்ணாடியை யாரும் "பழகியாச்சு, கழற்று" என்று சொல்வதில்லை, இவையும் அப்படித்தான். நிறையப் பள்ளிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. விலக வேண்டிய கை விலகுவதே இல்லை. இருக்க வேண்டிய கருவி "அதையே நம்பி இருந்துவிடுவான்" என்ற பயத்தில் பறிபோகிறது.

கை கழுவுதல்

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இந்த ஒரு வேலையிலேயே முழுதாகப் பார்த்துவிடலாம். முதலில் வேலையைப் படிகளாகப் பிரிக்க வேண்டும்: குழாயைத் திற, இரண்டு கையையும் நனை, சோப்பை எடு, உள்ளங்கையைத் தேய், புறங்கையைத் தேய், சோப்பைக் கழுவு, குழாயை மூடு, துண்டில் துடை. எட்டு படி. சில பிள்ளைகளுக்கு இது பன்னிரண்டாகும், சிலருக்கு ஐந்து போதும். உட்கார்ந்து யோசித்து எழுதக் கூடாது. ஒருவர் கழுவ, இன்னொருவர் பார்த்து எழுத வேண்டும். மேசையில் எழுதிய பட்டியலில் "குழாயை மூடு" விட்டுப்போவது சகஜம்.

அடுத்து, எந்த முனையிலிருந்து தொடங்குவது. கடைசிப் படியிலிருந்து தொடங்குவது பல பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. முதல் ஏழு படியையும் பெரியவர் கைபிடித்துச் செய்துவிட, துண்டில் துடைப்பதைப் பிள்ளை தானாகச் செய்கிறது. வேலை முடியும் இடமும் பாராட்டு கிடைக்கும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. துடைப்பது கைவந்ததும் குழாயை மூடுவதும் துடைப்பதும், பிறகு அதற்கு முந்தைய படி. தொடக்கத்திலிருந்து போனால், பிள்ளை குழாயைத் திறந்ததோடு அதன் பங்கு முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுக்க வேறு யாரோ அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

கைபிடிப்பதிலும் முறை இருக்கிறது. பெரியவர் பின்னால் நிற்க வேண்டும். முன்னாலோ பக்கத்திலோ நின்றால் பிள்ளை குழாயை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். முகத்தில்தான் அடுத்த குறிப்பு வரும் என்று கற்றுக்கொள்ளும். முதலில் கைமேல் கை. அடுத்த கட்டத்தில் மணிக்கட்டை மட்டும். பிறகு முழங்கையை லேசாகத் தள்ளுவது, பிறகு தோளைத் தொடுவது, பிறகு நிழல் போலக் கையைப் பக்கத்தில் வைத்திருப்பது, பிறகு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் தொடுவதற்கு முன் ஐந்து வினாடி காத்திருப்பது முக்கியம். தசை இறுக்கம் உள்ள பிள்ளைக்குப் பத்து வினாடிகூட ஆகலாம். ஐந்து வினாடி சும்மா நிற்பது பெரியவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் இரண்டாவது வினாடியிலேயே கை வைத்துவிடுவார்கள்.

இதில் அதிகம் தவறுவது வாயால். "சோப்பு எடு, ம்... சோப்பு எடு, எடு கண்ணா" என்பது உதவியாகத்தான் தொடங்குகிறது. கைபிடிப்பதை மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று சிறிதுசிறிதாகக் குறைக்கலாம். பேச்சை அப்படிக் குறைப்பது கடினம். பாதி "சோப்பு" சொல்ல முடியாது. நாளடைவில் அந்தச் சொல்லே ஒரு படியாகிவிடுகிறது: குழாய், நனைத்தல், "சோப்பு எடு" என்ற குரல், சோப்பு. குரல் வராவிட்டால் பிள்ளை நிற்கிறது. சோம்பேறித்தனம் என்றும் புரியவில்லை என்றும் பெயர் வாங்குகிறது. உண்மையில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே கற்றிருக்கிறது. ஆகவே குழாயடியில் வாய் மூடி இருக்க வேண்டும். குறிப்பு வேண்டுமென்றால் சுவரில் படிகளைப் படமாக ஒட்டலாம்; படத்தை மறைக்கலாம், சிறிதாக்கலாம், எடுத்தும் விடலாம்.

பதிவேடு இல்லாமல் இதில் எதுவும் நடக்காது. எட்டு படிக்கு எட்டு வரி, நாளுக்கு ஒரு கட்டம். கட்டத்தில் தா (தானாக), சை (சைகை), தொ (தொட்டு), மு (முழு உதவி) என்று ஓர் எழுத்து. ஒரு படியில் மூன்று நாள் தொடர்ந்து "தா" வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஒரு வாரம் "தொ"விலேயே நின்றால் அந்தப் படி பெரிதாக இருக்கிறது, இரண்டாக உடைக்க வேண்டும். இவ்வளவுதான். வார இறுதியில் ஞாபகத்திலிருந்து நிரப்பிய பதிவேட்டைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்: எல்லாக் கட்டமும் ஒரே பேனா, ஒரே எழுத்து, முன்னேற்றம் ஒரே சீராக ஏறும். நிஜமான பதிவு ஏறி இறங்கும். சளி பிடித்த வாரத்தில் சரியும்.

எட்டு படியும் "தா" ஆன பிறகும் வேலை முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு குழாயில்தான் தெரியும். திருகும் குழாய், தூக்கும் குழாய், அழுத்தினால் தானாக நிற்கும் குழாய் என்று மூன்றிலாவது பழக்க வேண்டும். கட்டி சோப்பும் வேண்டும், அழுத்தும் சோப்பும் வேண்டும். வேறு ஆள் அழைத்துப் போனாலும் கழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் செய்ய மாட்டேன் என்கிறாள் என்ற புகாரில் பாதி, பிடிவாதத்தால் வருவதில்லை. வீட்டுக் குழாய் வேறு மாதிரி.

ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதும் தனித் திட்டத்திலும் (ஐஇபி) இதே கண்ணோடு பார்க்கலாம். "தொடர்புத் திறனை மேம்படுத்துதல்" என்பது குறிக்கோள் இல்லை, விருப்பம். "சாப்பாட்டு வேளையில், இரண்டு படங்களில் வேண்டியதைத் தானாகத் தொட்டுக் காட்டுவாள், 5 வாய்ப்பில் 4 முறை, தொடர்ந்து 3 நாள்" என்பது குறிக்கோள். சூழ்நிலை, செயல், உதவியின் அளவு, தேறியதற்கான அளவு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. பல திட்டங்களில் விட்டுப்போவது மூன்றாவதுதான். உதவியின் அளவை எழுதாவிட்டால் அதைக் குறைக்க வேண்டும் என்பதும் யாருக்கும் நினைவு வராது.

நாற்காலி

இனி, விலக்கக் கூடாத வகை. செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் உடலின் அசைவும் நிலையும் கட்டுக்குள் வராத குறைபாடு) உள்ள பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் முதலில் நாற்காலிகளைப் பார்க்க வேண்டும். உட்காருவதற்குத் தாங்கல் வேண்டிய பிள்ளை சாதாரண பெஞ்சில் உட்கார்ந்தால் அதன் முழுச் சக்தியும் கீழே விழாமல் இருப்பதற்கே செலவாகும். கணக்குக்கு மிச்சம் இருக்காது. "தாங்கல் கொடுத்தால் முதுகுக்குப் பலம் வராது" என்று எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. முதுகுக்குப் பயிற்சி பிசியோதெரபி நேரத்தில் நடக்கட்டும். பாட நேரத்தில் இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இரண்டுமே நடக்காது.

நாற்காலியைச் சரிசெய்வது இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். இடுப்பு இருக்கையின் பின்பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 டிகிரி. முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி. பெல்ட் வயிற்றைச் சுற்றி வரக் கூடாது. தொடை இடுப்போடு சேரும் மடிப்பில், இருக்கையோடு சுமார் 45 டிகிரி சாய்வில் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். பாதம் முழுதும் பலகையில் பதிந்திருக்க வேண்டும். கடைசியாக மேசை: முழங்கை உயரம், தேவைப்பட்டால் சாய்வுப் பலகை.

தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். "வளர்ற பிள்ளை" என்று பெரிய நாற்காலி வாங்கப்படும். இருக்கை ஆழமாக இருப்பதால் முழங்கால் மடங்க வழியில்லாமல் இடுப்பு முன்னால் வழுக்கும். முதுகு கூன் போட்டு வளையும், தலை தொங்கும். தலை தொங்குகிறதே என்று நெற்றிக்கு ஒரு பட்டை கட்டுவார்கள். கோளாறு இடுப்பில், கட்டு தலையில். பாதம் அந்தரத்தில் தொங்கினால் சில பிள்ளைகளுக்கு உடல் முழுதும் விறைத்து நீளும்; அப்போது எந்தப் பெல்ட்டும் நிற்காது. காலுக்கடியில் ஒரு மரப்பலகை வைத்தவுடன் கை தளர்ந்து பென்சிலைப் பிடிப்பதை நேரிலேயே பார்க்கலாம். "கவனிக்க மாட்டான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டே இருப்பான்" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுவதற்கு முன் இதைச் சரிபார்ப்பது நல்லது. பிள்ளை வளரும், 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை அளவெடுத்தாக வேண்டும். நாற்காலி வந்த தேதியைத் தவிர வேறு தேதியே இல்லாத கோப்புகள் நிறைய உண்டு.

சரியாக உட்கார்ந்த நிலையைப் போட்டோ எடுத்து நாற்காலியின் முதுகிலேயே ஒட்டிவிட்டால் புது ஆயாவும் சரியாக உட்கார வைப்பார். சரியாக உட்கார்ந்தாலும் நாள் முழுக்க அப்படியே விட முடியாது. ஸ்பைனா பிஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாத நிலை) உள்ள பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவாக இருக்கும். வலிக்கிறது என்று சொல்லாது. அடிக்கடி உடலைத் தூக்கிவைத்தோ பக்கவாட்டில் சாய்த்தோ எடையை மாற்றாவிட்டால் படுக்கைப் புண் வரும். இவர்களுக்கு லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை வரும் வாய்ப்பும் அதிகம். கையுறையும் பிறந்தநாள் பலூனும் பள்ளியில் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

காது மெஷின்

காது மெஷின் போட்டிருக்கிறது என்பதால் கேட்கிறது என்று ஆகாது. தினமும் காலையில், பாடம் தொடங்கும் முன், ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும். காது கேளாதோர் கல்வி நிபுணர் டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சின் பரப்பை இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. டீச்சர் பிள்ளைக்குப் பின்னாலோ பக்கத்திலோ நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அல்லது ஒரு கட்டையைப் பெட்டியில் போட வேண்டும். வாயை ஒட்டிக் கையால் மறைத்தால் ஸ், ஷ் மங்கிப்போகும், சோதனையே கெட்டுவிடும். ஒலிகளுக்கு நடுவே இடைவெளியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தாளம் பிடித்துக் கட்டையைப் போட்டுவிடும். நேற்றுவரை "ஸ்" சொன்ன பிள்ளை இன்று சொல்லவில்லை என்றால் ஏதோ நடந்திருக்கிறது.

பெரும்பாலும் சின்ன விஷயம்தான். காது அச்சின் (காதுக்குள் பொருந்தும் வார்ப்பு) ஓட்டையில் மெழுகு அடைத்திருக்கும், குழாயில் ஈரம் கோத்திருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும். கீச்சென்று விசில் அடித்தால் அச்சு தளர்ந்திருக்கிறது, காது வளர்ந்துவிட்டது, புது அச்சு வேண்டும். விசிலை நிறுத்துவதற்காக ஒலியைக் குறைத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. அன்றிலிருந்து பிள்ளைக்குப் பாதிதான் கேட்கும். சின்க் ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மூடாமல் ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட வேண்டும். பழைய பேட்டரி குழந்தைகள் கையில் கிடைக்கவே கூடாது. விழுங்கினால் பெரிய ஆபத்து.

மெஷின் நன்றாக இருந்தும் வகுப்பறை கெடுத்துவிடலாம். காது கேட்காத பிள்ளைக்கு டீச்சரின் குரல் பின்னணிச் சத்தத்தைவிடச் சுமார் 15 டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2002இல் வந்த வகுப்பறை ஒலித் தரம், காலி வகுப்பில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி 0.6 வினாடிக்குள் அடங்க வேண்டும் என்கிறது. ஒரு ஃபேனும் இழுபடும் நாற்காலிகளும் போதும், 35ஐத் தாண்டிவிட. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர், ஜன்னலுக்குக் கனமான திரை, சுவரில் துணி ஒட்டிய பலகைகள் என்று செலவு குறைவான வழிகள் இருக்கின்றன. டீச்சர் மைக் போட்டுக்கொண்டு பிள்ளையின் மெஷினுக்கு நேராக அனுப்பும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை: டீச்சர் பேசுவது மட்டும் கேட்கும், பின் பெஞ்சில் வரும் பதில் கேட்காது. மைக்கைக் கைக்குக் கை மாற்ற வேண்டும், அல்லது டீச்சர் அந்தப் பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

படப் பலகையும் பறிக்கப்பட்ட மொழிகளும்

பேச்சு வராத பிள்ளைக்குப் படப் பலகை கொடுத்தால் பேசவே மாட்டான் என்ற பயம் பெற்றோருக்கு வருவது இயல்பு. பள்ளிக்கு வரக் கூடாது. இதுபற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், படமோ கருவியோ பேச்சைக் குறைக்கவில்லை, சிலருக்குப் பேச்சு கூடவும் செய்தது என்றே கண்டார்கள். பலகை தோற்பதற்குக் காரணங்கள் வேறு. அதில் பெயர்ச்சொல் மட்டும் இருக்கும்: தண்ணீர், பந்து, பாத்ரூம். "வேண்டாம்", "இன்னும்", "போதும்", "எனக்கு", "உதவி", "வலிக்குது" இருக்காது. "வேண்டாம்" என்று சொல்ல வழியில்லாத பிள்ளை தட்டைத் தள்ளிவிடும். அதற்கு நடத்தைக் கோளாறு என்று பெயர் வரும். அடுத்த காரணம், பெரியவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். பிள்ளைகள் பேச்சைக் கற்பது பேச்சைக் கேட்டுத்தான். பலகையில் பேசுவதைக் கற்க, "இன்னும் வேணுமா" என்று நாம் கேட்கும்போதே நம் விரல் "இன்னும்" மேல் போக வேண்டும். தினமும், வாரக்கணக்கில், பிள்ளை திருப்பிக் காட்டும் என்று எதிர்பார்க்காமல்.

1985இல் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கிய பட மாற்று முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. தொடக்கத்தில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் பிள்ளைக்கு எதிரே பொருளோடு இருப்பார். மற்றவர் பின்னால் இருந்து, பிள்ளை பொருளுக்குக் கை நீட்டியதும் அந்தக் கையைப் படத்தை எடுத்துக் கொடுக்கும் செயலாக மாற்றிவிடுவார். பின்னால் இருப்பவர் பேசக் கூடாது, எதிரே இருப்பவர் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், யாராவது கேட்ட பிறகுதான் தனக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் கை சில நாட்களில் விலகிவிடும். படம் மட்டும் இருக்கும். எது விலக வேண்டும், எது இருக்க வேண்டும் என்ற பிரிவு அந்த முறைக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. பேசாத பிள்ளையின் கையையோ மணிக்கட்டையோ பெரியவர் பிடித்துக்கொள்ள, பிள்ளை எழுத்துப் பலகையைத் தொட்டு வாக்கியம் வாக்கியமாக எழுதுகிறது என்ற முறை 1990களில் பெரிதாகப் பரவியது. பிள்ளைக்கு ஒரு படமும் பெரியவருக்கு வேறு படமும் ரகசியமாகக் காட்டிச் சோதித்தபோது, எழுதப்பட்டது பெரியவர் பார்த்த படத்தின் பெயர். பெரியவர்கள் ஏமாற்றவில்லை, தங்கள் கைதான் எழுதுகிறது என்பது அவர்களுக்கே தெரியாது. பேச்சு மருத்துவர் அமைப்புகள் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்த பிறகும் வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கிறது. யாராவது இப்படி ஒன்றைப் பரிந்துரைத்தால் கேட்க வேண்டியது ஒன்றே: அந்தக் கை எப்போது விலகும்?

வரலாற்றில் இரண்டு இடங்களைச் சொல்லியாக வேண்டும். பாரிஸில் வாலன்டின் ஹாவி 1780களில் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில், சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டுத் தடவிப் படிக்க வைத்தார்கள். பார்வையுள்ள ஆசிரியருக்கு அது வசதி, மாணவருக்கு மெதுவாகத்தான் படிக்க வந்தது, எழுதவோ வழியில்லை. அங்கே படித்த லூயி பிரெய்ல் 1824இல், 15 வயதில், ஆறு புள்ளி முறையை உருவாக்கினார். அந்தப் பள்ளியே அதை முறைப்படி ஏற்க 1854 ஆயிற்று. அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து. 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். அதன் பிறகு பல நாடுகளில் சைகை தெரிந்த, காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அதே மாநாட்டு வரிசையின் 2010 வான்கூவர் கூட்டம்தான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. 130 வருடம்.

கொம்பும் காலும்

டிஸ்லெக்ஸியா (எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம்) போன்ற கற்றல் குறைபாடு வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. இரண்டையும் ஒரே வகுப்பில் வைக்கும் பள்ளி, பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு ஏற்றதில்லை. இவர்களில் பலருக்குச் சாதாரணப் பள்ளியும், அதோடு தினமும் 30 முதல் 45 நிமிடம் முறையான வாசிப்புப் பயிற்சியும் போதும். வாரம் ஒரு மணி நேரம் போதாது.

தமிழில் இந்தப் பயிற்சிக்கு அதற்கே உரிய சிக்கல்கள் இருக்கின்றன. 247 எழுத்தையும் வரிசையாக எழுத வைப்பது வாசிப்பைக் கொண்டுவராது. "கொடி" என்பதைப் பாருங்கள். கண் இடமிருந்து போகும்போது முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். வாய்க்கோ முதலில் க், பிறகு ஒ. கொம்புக்குத் தனியாக ஒலி இல்லாததால் பிள்ளை அதைத் தாண்டிவிட்டுக் "காடி" என்று படிக்கும். காலும் ர என்ற எழுத்தும் பல அச்சுகளில் ஒன்று போலவே இருக்கும். "வரம்" என்பது "வாம்" ஆகும். இந்தப் பிழைகளைக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் விஷயமே போயிற்று. ஆசிரியர் எந்தப் பிழை, எத்தனை முறை என்று ஒரு வாரம் குறித்தாலே எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

முதலில் கண்ணை விட்டுவிட்டுக் காதில் தொடங்க வேண்டும்: க், ஒ, சேர்த்தால் கொ. அது வந்த பிறகு அட்டைகள். பிள்ளை க அட்டையை வைத்து, இடப்பக்கம் கொம்பையும் வலப்பக்கம் காலையும் ஒட்டி, மூன்றையும் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு "கொ" என்று சொல்லும். மூன்று துண்டு, ஓர் ஒலி. ஒரே வாரத்தில் ன, ண இரண்டையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றது. க என்பது "கல்", "தங்கம்", "பகல்" மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கும். ஆகவே தொடக்கத்தில் பிள்ளைக்கு ஏற்கெனவே பேச்சில் தெரிந்த சொற்களாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒலி தானாகத் திருந்தும். பார்க்க, சொல்ல, கேட்க, விரலால் எழுத என்று எல்லாவற்றையும் ஒருசேரச் செய்வது 1930களில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன், ஆசிரியர் அன்னா கில்லிங்ஹாம் வழியாக வந்த முறை. தமிழுக்கும் பொருந்துகிறது.

உயிர்க்குறிகளைச் சிவப்பில் அச்சிடுவது நல்ல உதவி, ஆனால் விலக வேண்டிய உதவி. சிவப்பு மெல்ல மெல்லக் கறுத்து, கடைசியில் எல்லாம் ஒரே நிறமாக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை பயிற்சிப் புத்தகத்தை மட்டும்தான் படிக்கும். இதற்கு மாறாக, அறிவியல் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டுவதும் கூடுதல் நேரமும் விலக்கக் கூடாதவை. அங்கே அளப்பது அறிவியலை. வாசிப்புத் தேர்வில் வாசித்துக் காட்டினால்தான் அது ஏமாற்று. நிறக் கண்ணாடி, நிறத்தாள், கண் பயிற்சி என்று விற்பவர்களைப் பற்றி ஒரே வரி: அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகள் 2009இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, டிஸ்லெக்ஸியாவுக்கு இவற்றால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை என்றது.

(தமிழ் பிரெய்லில் இந்தக் கொம்புத் தொல்லை கிடையாது. உயிர் எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் வரும், காதில் விழும் வரிசையிலேயே.)

சாப்பாடு, வலிப்பு, கழுத்து

இந்தப் பகுதியில் தர்க்கத்துக்கு இடமில்லை. எல்லா ஊழியருக்கும், வண்டி ஓட்டுபவருக்கும்கூட, தெரிந்திருக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்குத் தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டக் கூடாது. அது மூச்சுக்குழாயைத் திறந்துவிடும். நிமிர்ந்த உட்காரல், முகவாய் சற்று உள்ளே, சின்ன ஸ்பூன், விழுங்கிய பிறகே அடுத்தது. முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. சாப்பிடும்போது குரல் ஈரமாகக் கரகரப்பது, கண் கலங்குவது, அடிக்கடி நெஞ்சுச் சளி ஆகியவை அபாயக் குறிகள். இருமல் இல்லாமலும் உணவு நுரையீரலுக்குள் போகலாம்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரம். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கை காலைப் பிடித்து அழுத்தாமல் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர மருந்தும் ஆம்புலன்ஸும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்துப் பகுதி முதுகெலும்பின் மூட்டு தளர்ந்திருக்கும்; மருத்துவர் சரி சொல்லாமல் குட்டிக்கரணம் வேண்டாம். டூஷென் தசைச்சிதைவு உள்ள பையனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள் தாங்காமல் நழுவிவிடுவான். அவனைக் களைத்துப்போகும்வரை உடற்பயிற்சி செய்ய வைப்பதும் கெடுதல்.

பக்கத்தில் உட்காரும் ஆள்

சாதாரணப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு உதவியாளர் ஒருவரைப் போடுவது வழக்கம். 1997இல் மைக்கேல் ஜியன்கிரெக்கோவும் சக ஆய்வாளர்களும் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியது இன்றும் பொருந்துகிறது: உதவியாளர் ஓயாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் வகுப்பு ஆசிரியர் அந்தப் பிள்ளையை அவரிடமே விட்டுவிடுகிறார், மற்றப் பிள்ளைகளும் நெருங்குவதில்லை. உதவியாளரின் நாற்காலியைப் பிள்ளைக்கு அருகிலிருந்து எடுத்து வகுப்பின் ஓரத்தில் போடுவது ஒரு நல்ல தொடக்கம். அவர் வகுப்பு முழுக்கச் சுற்றலாம், தேவைப்படும்போது வந்து போகலாம். எந்த வேலைக்கு வருகிறார், எப்போது விலகுவார் என்று தாளில் இருக்க வேண்டும். வீல்சேரிலிருந்து டாய்லெட்டுக்கு மாற்றுவதற்கு என்றும் ஆள் வேண்டியிருக்கலாம். பென்சில் பெட்டியைத் திறப்பதற்கு அடுத்த பெஞ்ச் பிள்ளை போதும்.

பள்ளியைப் பார்க்கப் போவதானால் ஆண்டு விழா நாளில் போகாதீர்கள். சாப்பாட்டு வேளையில் போங்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் நாற்காலி, ஊட்டும் முறை, கை கழுவும் இடம், படப் பலகை எல்லாம் ஒருசேரத் தெரியும். பலகை பிள்ளையின் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா, சுவரில் அழகுக்கு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவுத்தாள் ஒன்றை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் "மு" எங்கேயாவது "தொ"வாகி, "தொ" எங்கேயாவது "தா"வாகி இருக்க வேண்டும்.

பிள்ளை வேறு பள்ளிக்கோ வேலைப் பயிற்சிக்கோ போகும்போது கையில் கொடுத்தனுப்பும் கோப்பில் மதிப்பெண்ணைவிட அவசியமானவை உண்டு: உட்காரும் நிலையின் போட்டோ, நாற்காலி அளவும் அளவெடுத்த தேதியும், படப் பலகையின் ஒரு நகல், "வேண்டாம்", "வலிக்குது" என்பதை இந்தப் பிள்ளை எப்படிக் காட்டும் என்ற குறிப்பு, வலிப்பு மருந்தின் அளவு, தானாகச் செய்பவை ஒரு பட்டியல், இன்னும் எந்தப் படியில் எவ்வளவு உதவி வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு பட்டியல். இரண்டாவது பட்டியல் இல்லாவிட்டால் புது இடத்தில் எல்லாவற்றுக்கும் கைபிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். கோப்பை அனுப்பினால் மட்டும் போதாது. புது டீச்சர் ஒரு நாள் வந்து சாப்பாட்டு வேளையில் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.